வளி தெரியல

புதுச் சப்பாத்து யார் காலையும் கடிக்கத்தான் செய்யும், ஐயா. மாரிசாமி அன்று பின்தங்கியது அதனால்தான். அதில் என் குற்றம் ஒன்றுமில்லை.

நானும் அவனும் கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூலி லயத்தில் பிறந்தவர்கள். கொழும்பில் புதிதாகத் திறந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் அது யாருக்கும் தெரியாது. பதுளை பஜாரில் எங்களுக்குக் கடை இருக்கிறது என்று நான் சொல்லி வைத்திருந்தேன். ‘இங்கே என்னை அண்ணே என்று கூப்பிடாதே’ என்று முதல் நாளே அவனைக் கண்டித்தேன். “சரிங்கண்ணே” என்றான். அப்படிப்பட்ட பிள்ளை.

ஒரு நாள் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் அவன் செய்யுள் வாசித்தான். ‘வழி’ என்பது அவன் வாயில் ‘வளி’ என்று வந்தது. கூடமே சிரித்தது. முதலில் சிரித்தவன் நான். சிரிக்காவிட்டால் என் நாக்கையும் சந்தேகப்பட்டிருப்பார்கள். அந்த ழகரத்துக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதன்பிறகு மாரிசாமி வகுப்பிலும் விடுதியிலும் வாயே திறக்கவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், அவ்வளவுதான். அவன் குரல் எப்படியிருக்கும் என்பதே மற்றவர்களுக்கு மறந்துபோயிற்று.

விடுமுறைக்கு மலை பார்க்கவென்று யாழ்ப்பாணத்துத் தர்மலிங்கமும் எங்களோடு வந்தான். அப்புத்தளையில் ரயிலிலிருந்து இறங்கி, மலைவிளிம்புப் பாதையில் நடந்தோம். பனிமூட்டம் இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அண்ணே, வளி தெரியலண்ணே. பள்ளமா இருக்குண்ணே.”

தர்மலிங்கம் நின்று கேட்டான். “ஆரோ தோட்டத்து ஆள். எங்களைக் கூப்பிடேல்லை. மாரிசாமி எங்கை?”

“முன்னால் போய்விட்டான்” என்றேன், திருத்தமாக.

‘இங்கிட்டு வாடா’ என்று எங்கள் பேச்சில் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், வந்திருப்பான். தொண்டை வரைக்கும் வந்தது. தர்மலிங்கம் பக்கத்தில் நிற்கிறான். நான் என்ன செய்வேன், ஐயா? அண்ணே அண்ணே என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கல் உருண்டது. மறுநாள் கீழே தேயிலைக்குள்ளிருந்து அவனைத் தூக்கி வந்தபோது ஒரு காலில் சப்பாத்து இல்லை. என்னால் பார்க்க முடியவில்லை.

ஆனால் நான் பதிலே சொல்லவில்லை என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். அவன் விழுவதற்கு முன்பே, தர்மலிங்கம் நாலடி தள்ளிப் போனதும், ‘வழி இந்தப் பக்கம்’ என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். கத்திச் சொன்னால் எனக்கு இன்னும் ழகரம் ஒழுங்காக வராது, ஐயா.