நல்லா பேசுது

— கீபோர்டுல இன்னொரு தடவை தட்டுறேன், கம்ப்யூட்டர் என்ன சொல்லுதுன்னு காதைக் குடுத்துக் கேளு.

— கேக்குதுக்கா. "விண்டோ"ன்னு சொல்லுது.

— இப்போ?

— விண்டோ.

— உன் புது சாப்ட்வேர்ல எந்தப் பட்டனுக்குப் போனாலும், காலையில எட்டு மணியிலேர்ந்து எனக்கு இதான்டா பாட்டு. போன்ல ஒரு அம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல், டாக்டரைப் பார்க்க நேரம் குடுங்கன்னு கெஞ்சுறா. நான் இங்க விண்டோவைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கேன். பன்னெண்டு வருஷமா இந்த ஆஸ்பத்திரி போனை எடுக்குறேன். பேசுறவ கண்ணு தெரியாதவன்னு ஒரு ஆளும் கண்டுபிடிச்சதில்ல. கை அவ்வளவு வேகம்.

— பழைய சாப்ட்வேர்ல எப்படிப் பண்ணுவ?

— அது சொல்லும்டா. "சேமி, பட்டன்." "தேதி, பெட்டி." "ரத்து, பட்டன்." ஒவ்வொண்ணும் பேரைச் சொல்லிக்கிட்டு வந்து முன்னாடி நிக்கும்.

— அதெல்லாம் கம்ப்யூட்டரே குடுக்குற பட்டன். உனக்குத் திரையைப் படிச்சுச் சொல்ற சாப்ட்வேருக்கு அதுங்களை அடையாளம் தெரியும். ஆனா லாஜிக்கா பாருக்கா. அதை வெச்சா ஒரு கம்ப்யூட்டர்ல ஒரு மாதிரி தெரியும், இன்னொண்ணுல வேற மாதிரி, போன்ல கோணல் மாணலா. அதான் என் சாப்ட்வேர்ல எல்லாப் பட்டனையும் படம் மாதிரி நானே வரைஞ்சுட்டேன். எங்க தொறந்தாலும் ஒரே முகம். அந்த ஓரத்து வளைவுக்கு மட்டும் எட்டு மாசம் மண்டையை உடைச்சிருக்கேன். பார்த்தவங்கல்லாம்...

— ம். பார்த்தவங்க.

— சாரிக்கா.

— சுவத்துல அழகா ஒரு கதவை வரைஞ்சு வெச்சிருக்க. நான் வந்து தட்டினா சுவரு.

— அதுக்கும் பேர் சொல்ல வைக்கலாம்க்கா. லாஜிக்கா, ஒவ்வொரு பட்டனுக்கும் தனியா எழுதணும். அதையும் ஒவ்வொரு வகைக் கம்ப்யூட்டருக்கும் திரும்பத் திரும்ப. கம்பெனியில இருந்ததே ரெண்டு பேரு. அடுத்த வெர்ஷன்ல பார்த்துக்கலாம்னு தள்ளி வெச்சேன்.

— தள்ளி வெச்சப்போ என் நெனப்பு வரலையாடா?

— கீபோர்டை இப்படித் தள்ளுக்கா, நானே ஒரு தடவை தட்டிப் பார்க்குறேன்.

— சரி விடு.

— இத்தனை நாள் எப்படிச் சமாளிச்ச?

— பக்கத்து சீட்டுப் பொண்ணு படிச்சுச் சொன்னா. போன வாரம் அவளை மேல் மாடிக்கு மாத்திட்டாங்க. நாலே நாள்ல பதினேழு பேருக்குத் தப்பான தேதி குடுத்திருக்கேன். திங்கக்கிழமையிலேர்ந்து எனக்குக் கீழ ஸ்டோர்ல வேலை. மருந்துக் கவர் மடிக்கணுமாம்.

— கவரா? நீயா? ஒரு மாசம் டைம் குடுக்கச் சொல்லு, சரி பண்ணித் தர்றேன்.

— திங்கக்கிழமைக்கு மூணு நாள் இருக்கு.

— மேனேஜர் எங்க? நான் பேசுறேன். தப்பு இவங்க மேலயும்தான்க்கா! வாங்குறதுக்கு முன்னாடி, கண்ணு தெரியாத ஸ்டாஃப் ஒருத்தரை வெச்சு டெஸ்ட் பண்ணுங்கன்னு நானே எழுதிக் குடுத்தேன். "நல்லா பேசுது, ஒரு குறையும் இல்ல"ன்னு தலைமை ஆபீஸ்லேர்ந்து பதில் வந்துச்சு.

— பேசாதுன்னு உனக்குத் தெரியுமே. அப்புறம் எப்படி நம்பின?

— எப்படியோ பேசுதுபோலன்னு... நானும் தோண்டலை. இவங்களுக்குத்தான் ஆறு கிளை இருக்கே, வேற எங்கயோ எவனோ பார்த்திருக்கான்னு நெனச்சேன். அவன் மட்டும் கையில கிடைச்சான்னா... ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தா நீ இன்னைக்கு இப்படி நிப்பியா?

— அன்னைக்கு ஒரு ராத்திரி நம்ம சமையல்கட்டுல உக்காந்து அழுதியே, ஞாபகம் இருக்கா? இந்த ஆஸ்பத்திரி வாங்கலைன்னா கம்பெனியை இழுத்து மூடிடணும், நாலு வருஷ உழைப்பும் வீண்னு?

— அதுக்கும் இதுக்கும் என்னக்கா?

— மறுநாள் காலையில என்னைத்தான்டா டெஸ்ட் பண்ணச் சொன்னாங்க. அன்னைக்கும் அது விண்டோன்னு மட்டும்தான் சொல்லுச்சு. நல்லா பேசுதுன்னு சொல்லிட்டு, கையெழுத்து எங்க போடணும்னு கேட்டேன்.