பெரியவனுக்கு வைட்டமின், சின்னவனுக்கு எண்ணெய்

காலாவதியான மருந்தை நான் யாருக்கும் விற்றதில்லை ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பத்தொன்பது வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் அலமாரியில் தூசி பார்த்தவர் கிடையாது.

என் மனைவியின் தம்பிகள் இரட்டையர். எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தார்கள். பெரியவனுக்குக் காசநோய் வந்தது, ஒரே அறை என்பதால் சின்னவனுக்கும் வந்தது. எதிலும் பங்கு கேட்கிற பிள்ளைகள். அந்த நோய்க்கான மாத்திரைகள் சிலருக்கு ஈரலைக் கெடுக்கும். கூடவே வைட்டமின் ஈ கொடுத்தால் ஈரலுக்கு ஒன்றும் ஆகாது என்பது என் கட்சி. டாக்டரிடம் சொன்னேன். காத்திருந்த நோயாளிகள் முன்னால் சிரித்தார்.

"அண்ணே, நீங்க மாத்திரையை எடுத்துக் குடுங்க. வைத்தியத்தை நான் பாத்துக்கறேன். கண்ணு மஞ்சளானா மட்டும் எல்லாத்தையும் நிறுத்திட்டு உடனே கூட்டிட்டு வாங்க."

பெரிய படிப்பு படித்தவர்களுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும். நிரூபிக்க இரண்டு பேரை ஒப்பிட வேண்டும். ஒரே வயது, ஒரே சாப்பாடு, ஒரே மாத்திரை என்று என் மாடியிலேயே இருவர் இருக்கும்போது வெளியில் எதற்குத் தேட வேண்டும்? பெரியவனுக்கு வைட்டமின் கேப்ஸ்யூல் கொடுத்தேன். சின்னவனுக்கும் அதே கேப்ஸ்யூல்தான். ஊசியால் உள்ளே இருந்ததை உறிஞ்சிவிட்டுச் சமையல் எண்ணெய் ஏற்றினேன். ஒரு சொட்டு சிந்தாது, கைப்பழக்கம். வாராவாரம் இருவருக்கும் நானே ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். இந்த அக்கறையை எந்த அக்கா புருஷன் காட்டுவான், சொல்லுங்கள்.

ஐந்தாவது வாரம் சின்னவன் சாப்பாட்டைத் தள்ளிவைத்தான். அவன் ஈரல் கெட்டுக்கொண்டிருப்பதாக ரிப்போர்ட் சொன்னது. பெரியவனுக்கு ஒரு குறையும் இல்லை. பொய் சொல்ல மாட்டேன், அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"என்னங்க, சின்னவன் கண்ணு மஞ்சளா இருக்கே. மாத்திரையை நிறுத்திடலாமா?" என்றாள் மனைவி.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். முதல்ல அப்படித்தான் இருக்குமாம்."

கேட்கவில்லை. ஒரே ஒரு ரிப்போர்ட்டை நீட்டினால் அவர் மறுபடி சிரிப்பார். இன்னும் மூன்று வாரம் எனக்குத் தேவைப்பட்டது. சின்னவன் இரண்டு வாரம்தான் ஒத்துழைத்தான். கடைசி நாள்கூட, "அத்தான், அந்த வைட்டமின் எங்க?" என்று கேட்டு வாங்கி விழுங்கினான். நல்ல பையன்.

பெரியவனுக்காவது மாத்திரையை நிறுத்தச் சொல்லி மனைவி என் காலைப் பிடித்து அழுதாள். நான் நிறுத்தவில்லை. வைட்டமினை இரண்டாக்கினேன்.

தெரிந்தேதான் செய்தேன் ஐயா. சின்னவனைக் கொன்றது நான்தான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பெரியவனை என் தலையில் கட்டாதீர்கள். பதினாறு நாள் கழித்து அவனும் அதே மஞ்சளோடு போனான் என்றால், அது என் வைட்டமினின் குற்றம் இல்லை. தினமும் என் கண்ணெதிரேதான் விழுங்கினான். நான் கடைக்குக் கிளம்பியதும் துப்பியிருப்பான்.