கோட்டைத் தொடாத குப்பிக்குச் சிவப்புப் புள்ளி வைத்த கண்ணாயிரம் அவர்களுக்கு

குறிஞ்சிப்பாடி தந்த குணக்குன்றே! குருதியின் குறிப்பறிந்த கூர்மதியே! நுண்ணோக்கியின் முன் முப்பத்துநான்கு ஆண்டுகள் முதுகு வளைந்தும், முகத்துதி செய்ய ஒருநாளும் முதுகு வளையாத எங்கள் மூத்தவரே! சிதம்பரத்தில் நம் மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ஒரு கையில் குப்பியும் மறு கையில் நிறுத்துக் கடிகாரமுமாக நின்று நின்றே காலம் கழித்து, 2012 ஜூன் முப்பதாம் நாளாகிய இன்று பணி நிறைவு பெறும் நுட்பநர் திரு. கண்ணாயிரம் அவர்களே! உடன் உழைத்த நாங்கள் உளமுவந்து வாசித்தளிக்கும் மடல் இது.

முறைப்படி பார்த்தால், இங்கிருந்து கடைசி வரி வரைக்கும் உங்களை முன்னிலையில் வைத்தே புகழ வேண்டும். ஆனால் உங்களை எங்களுக்குத் தெரியும். இரண்டாவது அடைமொழியிலேயே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டீர்கள். நான்காவதில் "ஒரு சாம்பிள் வச்சிட்டு வந்தேன்" என்று எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே இனி வேறு யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல், அவர் என்றே சொல்லப்போகிறோம். அந்த மனிதரை உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக உட்காருங்கள்.

அவர் திங்கட்கிழமைக்காரர். மற்றவர்கள் திங்கட்கிழமையன்று கொட்டாவி விட்டபடி வருவார்கள். அவரோ குறிஞ்சிப்பாடியில் முதல் பேருந்தைப் பிடித்து வந்து, கழுவிக் காயவைத்த பென்சிலின் குப்பிகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் உறைதடுப்பு மருந்தை அளந்து விடுவார். இரத்தம் எந்த மட்டம் வரைக்கும் வர வேண்டும் என்பதற்குக் குப்பியைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டர் பட்டையை ஒட்டி நகத்தால் அழுத்துவார். அதுதான் கோடு. ஒரு பங்கு மருந்துக்கு ஒன்பது பங்கு இரத்தம். இரத்தம் கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டால் மருந்தின் கை ஓங்கிவிடும். நல்ல இரத்தமும் உறையாத இரத்தம்போல வேஷம் போடும். குறைந்த குப்பியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது கூடத்தின் விதி. சுவரில் அதை எழுதி ஒட்டியதும் அவர்தான்.

விதியை எழுதியவர் விதியை மீறிய கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். பாராட்டு மடலில் இதற்கு என்ன வேலை என்று முன்வரிசையில் சிலர் புருவம் தூக்குவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

2008ஆம் ஆண்டு, மழைக்காலம். மலேரியா நோயாளிகளின் இரத்தம் உறையும் தன்மையைப் பற்றி, மேற்படிப்பு மாணவியான டாக்டர் சுவேதா ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். அறுபது நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் தட்டணு எண்ணிக்கை, உறைநேரம், உள்ளே உறைந்து கரைந்த இரத்தத்தின் தடயமான டி-டைமர் மூன்றும் பார்க்க வேண்டும். மூன்றின் முடிவிலும் கண்ணாயிரத்தின் கையெழுத்து இருக்கும். அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் பெரிய டாக்டர் மறுகேள்வி கேட்கமாட்டார். அவருடைய சொத்து என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்ல வேண்டும். அந்த மாதமே தலைமை நுட்பநர் பதவிக்கு நேர்காணலும் வைத்திருந்தார்கள். போட்டிக்கு ஆளே இல்லை என்று நாங்கள் இனிப்புக்கே சொல்லி வைத்துவிட்டோம்.

அப்போதுதான் கொளஞ்சி வந்து சேர்ந்தார். காடாம்புலியூர்க்காரர். மங்களூரில் முந்திரி உடைக்கும் ஆலைக்கு வேலைக்குப் போய், காய்ச்சலோடு திரும்பியவர். உடம்பு வெளுத்து, கண் மஞ்சளாகி, குளிரில் கட்டிலே ஆடும்படி படுத்திருந்தார். காலையில் எடுத்த இரத்தத்தின் உறைநேரம் முப்பத்தொரு விநாடி என்று அறிக்கை போனது. சரியான ஆளுக்குப் பதின்மூன்றுதான் வர வேண்டும். ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டிய தட்டணுவும் நாற்பத்தெட்டாயிரம்தான். உள்ளே எங்கேயாவது இரத்தம் கசியத் தொடங்கினால் இங்கே நிறுத்த முடியாது என்று பெரிய டாக்டர் பயந்து, பாண்டிக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். அந்த நிலைமையில், குண்டும் குழியுமான சாலையில் அவ்வளவு தூரம் ஆள் தாங்குவாரா என்று யாருக்கும் நிச்சயமில்லை.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். கொளஞ்சியின் மனைவி தமிழ்ச்செல்வி பரிசோதனைக் கூடத்தின் ஜன்னலுக்கு வந்தார். அழுது முடித்த முகம்.

"சார், எங்க வூட்டுக்காரருக்கு ரத்தம் உறையவே மாட்டேங்குதாம்ல? பாண்டிக்கு எடுத்துக்கினு போவச் சொல்றாங்க. காலைல ஊசி குத்துன எடத்துல பஞ்சு அப்பவே காஞ்சி போச்சு சார். நான்தான் எடுத்துப் போட்டேன். ஒரு சொட்டுகூட வரல. எனக்கு ஒண்ணும் புரியல சார், அதான் கேக்கறேன்."

கண்ணாயிரம் பதிவேட்டைத் திறந்தார். கொளஞ்சியின் பெயருக்கு எதிரே, கடுகளவில் ஒரு சிவப்புப் புள்ளி. அவரே வைத்ததுதான். குப்பி கோட்டைத் தொடாமல் வந்தால் அப்படி ஒரு புள்ளி வைப்பது அவர் பழக்கம். அதன் அர்த்தம் வேறு யாருக்கும் தெரியாது. கேட்டால் "சும்மா" என்பார்.

புதுக் குப்பியை எடுத்துக்கொண்டு அவரே வார்டுக்கு நடந்தார். பரிசோதனைக் கூடத்துக்காரர் வார்டுக்கு வந்தால் ஏதோ வம்பு என்று அர்த்தம். ஆரோக்கியம்மாள் சிஸ்டர் எழுந்து நின்றார்.

"காலையில எவ்வளவு புடிச்சீங்க சிஸ்டர்?"

"பாதிக்கு மேல இருக்கும் சார். ஆளு வெளுத்துப்போய்க் கெடக்கறாரு. இதுக்கு மேல ஜாஸ்தி உறிஞ்ச எனக்கு மனசு வரல." சிஸ்டர் சற்று நிறுத்தி, "நீங்களும் எப்பவும் வாங்கிப்பீங்களே சார்" என்றார்.

அந்தக் கடைசிச் சொல் அவரைச் சுட்டது. உண்மைதானே. மலேரியாக்காரர்கள் சோகை பிடித்து வருவார்கள், சிஸ்டர்களுக்குக் கை வராது, குறைவாக எடுப்பார்கள். திருப்பி அனுப்பினால் அந்த எலும்பும் தோலுமான கையில் இன்னொரு முறை குத்த வேண்டுமே என்று இவரும் வாங்கிக்கொள்வார். எல்லாம் இரக்கம்தான். அந்த இரக்கம்தான் இப்போது ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றப் பார்க்கிறது.

"இன்னொரு தடவ எடுக்கணும் கொளஞ்சி. இந்தக் கோடு வரைக்கும்."

"எடுத்துக்குங்க சார்" என்றார் கொளஞ்சி கண்ணைத் திறக்காமல். "இருக்கறத எடுத்துக்குங்க."

கோடு வரைக்கும் இரத்தம் வந்தது. உறைநேரம் பதினைந்து விநாடி. நம்பாமல் மறுபடி பார்த்தார், அதே பதினைந்து. வாசலில் ஆம்புலன்ஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருக்க, பெரிய டாக்டர் இரண்டு அறிக்கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலையில முப்பத்தொண்ணு, இப்ப பதினஞ்சு. எதை நம்பறது கண்ணாயிரம்?"

"இதை நம்புங்க சார். காலையில போட்டது தப்பு. குறைஞ்ச குப்பியில பாத்துட்டேன். தட்டணு கம்மிதான், டி-டைமரும் ஏறித்தான் இருக்கு, அதெல்லாம் நெசம். ஆனா ரத்தம் உறையுது சார்."

கொளஞ்சி போகவில்லை. மலேரியாவுக்குரிய மருந்தே அவரைத் தூக்கி நிறுத்தியது. ஒன்பதாம் நாள் நடந்து வெளியே போனார். அடுத்த கோடையில் காடாம்புலியூரிலிருந்து ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அதை அறுக்கப் போய்ப் பால் ஒட்டிக்கொண்டதில் ஒரு பெட்டிக் கையுறை காலியான விஷயத்தை நிர்வாகம் இன்றுதான் அறிகிறது.

கதையை இத்தோடு முடித்திருந்தால் எல்லோருக்கும் சௌகரியம். கண்ணாயிரம் முடிக்கவில்லை. அன்று மாலை பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். சுவேதாவின் அறுபது நோயாளிகளில் இருபத்திரண்டு பேருக்கு எதிரே சிவப்புப் புள்ளி இருந்தது. மற்றவர்கள் பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்; யாரும் கேட்கப்போவதில்லை. வாயைத் திறந்தால் கையெழுத்தின் மதிப்பு போய்விடும். செவ்வாய்க்கிழமை நேர்காணலும் அதோடு போய்விடும். வாயை மூடிக்கொண்டாலோ, இருபத்திரண்டு பொய் ஆய்வேட்டில் ஏறி, அதைப் படிக்கும் இன்னொரு டாக்டர் இன்னொரு கொளஞ்சியை ஆம்புலன்ஸில் ஏற்றுவார். பின்னாளில் டீ குடிக்கும்போது அவரே எங்களிடம் சொன்னார்: "பொய் சொல்ல மாட்டேன், அன்னிக்கு ரெண்டு பஸ்ஸ விட்டுட்டேன். பயமா இருந்திச்சு."

சனிக்கிழமைக் கூட்டத்தில் சுவேதா முதற்கட்ட முடிவுகளைப் பெருமையோடு வாசித்தார். மலேரியாவில் உறைநேரம் வெகுவாக நீள்கிறது என்று சொல்லிக் கைதட்டலுக்குக் காத்திருந்தபோது, பின்வரிசையிலிருந்து கண்ணாயிரம் எழுந்தார். பதிவேட்டைத் திறந்து காட்டினார். புள்ளிகளுக்கு அர்த்தம் சொன்னார்.

"இரத்தம் எடுத்தது யார் யார்?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

"யாரு புடிச்சா என்ன சார். வாங்கி வச்சவன் நான். கையெழுத்தும் என்னுது."

வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. சுவேதா அவரோடு மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் தானே வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து குப்பிகளுக்குப் பிளாஸ்டர் ஒட்டினார். இருபத்திரண்டையும் தள்ளிவிட்டு, புதிதாக இருபத்திரண்டு பேர் கிடைக்க ஏழு மாதமானது. ஆய்வேடு மெலிந்தது; ஆனால் நிமிர்ந்து நின்றது. தலைமை நுட்பநர் பதவி கடலூர்க் கிளையிலிருந்து வந்த சுப்பிரமணியனுக்குப் போனது. வந்த முதல் வாரமே அவர் சிவப்புப் புள்ளியைக் கூடத்தின் சட்டமாக்கினார். புள்ளி வைத்த குப்பி எதுவும் அன்றிலிருந்து இயந்திரத்தை நெருங்கியதில்லை.

இனி உங்களை நேராகவே பார்த்துப் பேசலாம் ஐயா.

முப்பத்துநான்கு ஆண்டுகளில் நீங்கள் இட்ட கையெழுத்துகள் ஆயிரமாயிரம். அவற்றை நம்பி மருந்தேற்றினார்கள், அறுத்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தச் சனிக்கிழமையோடு உங்கள் கையெழுத்தின் மதிப்பு போய்விடும் என்று அஞ்சினீர்கள். மறுநாள் முதல் பெரிய டாக்டர் உங்கள் அறிக்கையை மட்டும் கண்ணாடி போடாமலே வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். நாங்கள் கவனித்தோம்.

இம்மடலின் அடியில் பதினேழு கையெழுத்துகள் இருக்கின்றன. சட்டம் போட்டு உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டும்போது உற்றுப் பாருங்கள். ஆறு பெயர்களின் பக்கத்தில் கடுகளவு சிவப்புப் புள்ளி இருக்கும். மை சிந்திவிட்டது என்று நினைக்க வேண்டாம். "எடுத்தது யார்" என்று கேட்டபோது அந்த அறையில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆறு பேர் நாங்கள். உங்கள் பதவி எங்கள் மௌனத்தில்தான் போனது. நான்கு ஆண்டுகளாக நீங்கள் அதை ஒரு பார்வையாலும் சொல்லிக்காட்டவில்லை. அன்று எழுந்து நிற்காததற்கு இன்று எழுந்து நிற்கிறோம்.

தளரா நடையும், தணியா நகையும், குறையா நலமும் கொண்டு, குறிஞ்சிப்பாடியில் உங்கள் இல்லத்தாரோடு நூறாண்டு கடந்தும் நிறைந்து வாழ்வீராக! கோடு வரை நிரம்பிய குப்பியாய் உங்கள் நாள்கள் ஒவ்வொன்றும் அமைவதாக!

அன்பில் நனைந்து, கடனில் நின்று,

சுப்பிரமணியன், தலைமை நுட்பநர்
டாக்டர் சுவேதா
பரிசோதனைக் கூட, வார்டுப் பணியாளர்கள் பதினான்கு பேர்

புள்ளியுடன், முதலாவதாக: ஆரோக்கியம்மாள், செவிலியர்