பதில் வராமல் ஒட்டக் கூடாது

மனைவி: பஸ் குலுங்கற குலுக்கலுக்குப் பெட்டியோட சேர்ந்து நீங்களும் ஏன் ஆடறீங்க? முட்டைக் கூடையா அது?

கணவன்: கண்ணாடி டம்ளர். முட்டையை விட மோசம்.

மனைவி: இப்படிக் கொடுங்க. ஒரு தடவை தூக்கிப் பாத்தா கனத்தை வெச்சே சொல்லிடுவேன், எண்ணிக்கை சரியா இல்லையான்னு.

கணவன்: தோள்ல கட்டு போட்டுக்கிட்டு தூக்கப் போறாங்களாம். கையை எடு.

மனைவி: நல்ல கை ஒண்ணு இருக்கில்ல?

கணவன்: அதால கம்பியைப் பிடிச்சுக்கோ. கடைக்காரர் எண்ணித்தான் போட்டார். நான் பக்கத்துலயே நின்னேன்.

மனைவி: நீங்க நின்னீங்க, கண்ணு எங்க நின்னுச்சோ. போன மாசம் தக்காளி வாங்கும்போதும் பக்கத்துலதான் நின்னீங்க. பாதி அழுகல்.

கணவன்: அந்தத் தக்காளியை நீ என் கல்லறையில எழுதாம விடமாட்ட.

மனைவி: லைப்ரரியில உக்காந்து புத்தகத்தை எண்ணுங்க, போதும். டம்ளர் எண்ணிப் பெட்டி கட்டறது எங்க கம்பெனி வேலை... எத்தனை மணிக்கு நெட்டச்சியோட பஸ்?

கணவன்: ஆறு மணிக்கு. நேரம் இருக்கு, பதறாத.

மனைவி: பதறாம? ஒப்பந்தம் முடிஞ்சு அவ நாட்டுக்கே போறா. இனிமே வரமாட்டா. என்னை அந்தப் புகையிலேர்ந்து இழுத்துப் போட்டவ... ஒரு நன்றி சொல்லாம அனுப்பிட்டா, அப்புறம் நான் எந்த மூஞ்சியோட அந்த மேசையில போய் உக்கார்றது?

கணவன்: ஆஸ்பத்திரிக்கு வந்தாளே. அப்ப சொன்னதானே?

மனைவி: எங்க சொன்னேன்... கட்டில் ஓரமா நின்னா. நான் அழுதேன், அவளும் அழுதா. பக்கத்துக் கட்டில்காரம்மா யாரோ போயிட்டாங்கன்னு நினைச்சு அவங்களும் அழுதாங்க. கடைசியில நர்ஸம்மா வந்து எல்லாரையும் திட்டிட்டுப் போனாங்க.

கணவன்: போன்ல மொழிபெயர்ப்பை அமுக்கிக் காட்ட வேண்டியதுதானே?

மனைவி: அவ மலைப் பாஷை உங்க போன்ல இல்லையாம். பக்கத்து நாட்டுப் பாஷையில அமுக்கிக் காட்டினேன். பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பைக் கேக்கற மாதிரி நின்னு கேட்டா. அதான் உங்ககிட்ட சொன்னேன், அவ பாஷையில நன்றிக்கு என்னன்னு தேடிக் கொடுங்கன்னு. நீங்க என்ன கொண்டு வந்தீங்க?

கணவன்: நன்றி கிடைக்கலம்மா. ஆனா...

மனைவி: ஆனா டஜனோட ஜாதகம் கிடைச்சுது.

கணவன்: உங்க ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்த வார்த்தை அது ஒண்ணுதானேன்னு பாத்தேன். கேக்கறியா, வேண்டாமா?

மனைவி: சொல்லுங்க. சொல்லாட்டி ராத்திரி தூக்கம் வராது உங்களுக்கு.

கணவன்: அதுக்கு ஊரு ரோமாபுரி. லத்தீன்காரன் ரெண்டையும் பத்தையும் சேர்த்து வெச்சு "துவோதெகிம்"னு சொன்னான். துவோன்னா ரெண்டு, தெகிம் பத்து. பன்னெண்டு.

மனைவி: வாய் நிறைய இருக்கு. இதைச் சொல்லிச் சொல்லிப் பெட்டி ஒட்டினா ஒரு நாளைக்குப் பத்துப் பெட்டி தாண்டாது.

கணவன்: அதனாலதான் தேய்ஞ்சுது. பிரெஞ்சுக்காரங்க வாயில போய் "தூஸ்"ஸுன்னு சுருங்கிடுச்சு. அப்புறம் அதுக்கு ஒரு வால் ஒட்டி, பன்னெண்டு சேர்ந்த ஒரு கட்டுக்குப் பேர் ஆக்கினாங்க. கடல் தாண்டி இங்கிலீஷ்காரன்கிட்ட வந்து டஜன். அவன் கப்பல்ல ஏத்தி நம்மகிட்ட இறக்கினான்.

மனைவி: சும்மாவா இறக்கினான்.

கணவன்: டச்சுக்காரன் தன் பங்குக்கு ஒண்ணை எடுத்துக்கிட்டுக் கிழக்கே போனான். அந்தத் தீவுகள்ல அது "லூசின்" ஆயிடுச்சு.

மனைவி: லூசினா? எங்க மேசையில மூலையில உக்கார்ற சுருட்டை முடிக்காரி அப்படித்தான் சொல்லுவா. நாங்க அவளை லூசின்னே கூப்பிடுவோம். அவ பேர் அதுதான்னு சூப்பர்வைசர் கூட நினைச்சுட்டிருக்கார்.

கணவன்: துருக்கியில "தூஸினே". ஆப்பிரிக்காவுல கிழக்குக் கரையில "தஸேனி". ஜப்பான்காரன் பாதியை வெட்டிட்டு "தாஸு"ன்னுட்டான்.

மனைவி: ஏங்க... இது எங்க மேசைங்க. தூஸினே என் இடது பக்கம், தஸேனி வலது பக்கம். நெட்டச்சி எதிர்ல. அவ "துஜினா"ம்பா. நான் டஜன்.

கணவன்: நெட்டச்சியோடதும் அதே வீட்டுப் பிள்ளைதான். அவ மலைக்குப் பக்கத்து நாட்டு வழியா ஏறிப் போயிருக்கும்.

மனைவி: ரெண்டும் பத்தும் சேர்த்து எவனோ ஒருத்தன் சொல்லி வெச்சான் பாருங்க... அவனுக்கும் ஒரு டம்ளர் கொடுக்கணும். இருந்தா.

கணவன்: இருந்தா கொடுக்கலாம். ஆமா, ஒருத்தி சொன்னா எதிர்ல இருக்கறவ பதில் சொல்லியே ஆகணுமா?

மனைவி: ஆகணும். நான் பெட்டியை நிரப்பிட்டு "டஜன்"னு கூப்பிடுவேன். நெட்டச்சி எட்டிப் பாத்து, சரியா இருந்தா "துஜினா"ம்பா. அப்பதான் டேப். அவ வாயைத் திறக்கலைன்னா பெட்டியில ஏதோ கோளாறு. குறையும், இல்ல கூடும், இல்ல ஒண்ணு கீறல் விட்டிருக்கும். பதில் வராம ஒட்டக் கூடாது. அதான் சட்டம்.

கணவன்: நாள் பூரா இதேவா பேச்சு?

மனைவி: வேற என்ன பேச? அவ குழந்தைகளுக்கு என்ன வயசுன்னு கூட எனக்குத் தெரியாது. ஆனா அவளுக்குத் தலைவலின்னா "துஜினா"வுல தெரியும். எனக்கு உங்க மேல கோபம்னா என் "டஜன்"ல அவளுக்குத் தெரிஞ்சிடும்.

கணவன்: அப்ப ஊருக்கே தெரிஞ்சிருக்கும்... அடுத்த நிறுத்தம் நம்முது. எழுந்திருக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன்.

மனைவி: டோக்கன் விஷயம்னா கேக்காதீங்க.

கணவன்: டோக்கன் விஷயம்தான். உள்ள போற ஒவ்வொருத்தியும் வாசல் பலகையில டோக்கனை மாட்டணும். வெளிய வந்தா எடுத்துக்கணும். அன்னைக்கு நீ உள்ள இருந்த, உன் டோக்கன் உன்கிட்டயே இருந்துச்சு. ஏன்?

மனைவி: சொன்னேனே, மறதி.

கணவன்: மாட்ட மறந்திருந்தா மறதி. காலையில மாட்டியிருக்க. நடுவுல கழட்டியிருக்க. வாட்ச்மேனே சொன்னார்.

மனைவி: வாட்ச்மேன் ஆயிரம் சொல்லுவார். இறங்குங்க, பஸ் நிக்குது. பெட்டியைப் பாத்து... படி, படி.

கணவன்: படி எனக்குத் தெரியுது.

மனைவி: அந்தச் சந்துதான். இஸ்திரிக் கடைக்கு மேல, மூணாவது மாடி. இரும்புப் படிக்கட்டு, மெதுவா வாங்க. காயப்போட்ட துணி மூஞ்சியில அடிக்கும்.

கணவன்: அடிச்சிடுச்சு... ஈரம். சரி, டோக்கனை விடு. உள்ள என்ன நடந்துச்சுன்னாவது சொல்லேன். இத்தனை நாள் ஆச்சு, முழுசா நீ என்கிட்ட சொன்னதே இல்ல.

மனைவி: சொல்ல என்ன இருக்கு. நான் மதியமே கிளம்பறதா இருந்தேன்...

கணவன்: எங்க?

மனைவி: எங்கயோ. வெளிய. அதுக்குத்தான் டோக்கனைக் கழட்டினேன். போதுமா? வாசலுக்கு வந்தப்புறம் பாத்தா பையை ரேக்குக்குப் பின்னாடி வெச்சுட்டு வந்துட்டேன். சட்டுன்னு எடுத்துட்டு வந்துடலாம்னு ஓடினேன். யாரும் பாக்கல. அவ ஒருத்திதான் தலையைத் தூக்கிப் பாத்தா.

கணவன்: அப்பதான் ஒயர் பத்திக்கிச்சா?

மனைவி: படபடன்னு சத்தம். விளக்கு போச்சு. எல்லாரும் வாசலுக்கு ஓடறது கேக்குது. நானும் திரும்பினேன். எவளோ ஓடற வேகத்துல ரேக்குல இடிச்சிருக்கணும்... மேல் தட்டுல இருந்த பெட்டியெல்லாம் என் மேல. தோள் போச்சு. கால் அசையல. ஒரே புகை.

கணவன்: கொஞ்சம் நில்லு. மூச்சு வாங்கிக்கோ.

மனைவி: நான் நல்லாத்தான் இருக்கேன். உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது... வாசல்ல வாட்ச்மேன் பலகையைப் பாத்திருக்கார். நாங்க பன்னெண்டு பேர், ஆனா பலகையில எங்க மேசைக்குப் பதினோரு டோக்கன். வெளிய நிக்கறது பதினோரு பேர். சரியா இருக்கு. காத்து போனா நெருப்பு பிடிக்கும்னு ஷட்டரை இறக்கச் சொல்லிட்டார். அவர் மேல தப்பில்ல.

கணவன்: ஆனா நெட்டச்சி...

மனைவி: இறங்கற ஷட்டருக்கு அடியில போய் முதுகைக் கொடுத்து நின்னுட்டாளாம். லூசின் நடிச்சுக் காட்டினா எனக்கு. ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டி, அப்புறம் ரெண்டு விரலைக் காட்டி, "துஜினா துஜினா"ன்னு வாட்ச்மேன் மூஞ்சிக்கு நேரா. தள்ளிப் பாத்தாங்களாம். அசையல. அப்புறம் முந்தானையோ துணியோ எதையோ மூக்குல கட்டிட்டு உள்ள வந்துட்டா.

கணவன்: இருட்டுல எப்படி உன்னைக் கண்டுபிடிச்சா?

மனைவி: கூப்பிட்டா. பேர் சொல்லி இல்ல. என் பேரு அவ வாயில நுழையாது. "துஜினா"ன்னா. எனக்குக் கண்ணைச் சொருகிட்டு வருது. ஏதோ வேலை நேரத்துல தூங்கிட்ட மாதிரி, பெட்டியை ஒட்டணுமே, பதில் சொல்லணுமேன்னு... "டஜன்"னேன். அவ்வளவு சின்னக் குரல். மறுபடி கூப்பிட்டா. மறுபடி சொன்னேன். அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்துட்டா.

கணவன்: அந்த வார்த்தை எங்கேர்ந்து கிளம்பி, எத்தனை வாய் மாறி... சரியா அந்த நேரத்துக்கு ரெண்டு பக்கமும் வந்து நின்னிருக்கே.

மனைவி: கண்ணைத் துடைங்க. அவ வேற அழுவா. இதான் கதவு. தட்டுங்க, என் கை... இருங்க, நான் கூப்பிடறேன். டஜன்.

நெட்டச்சி: துஜினா.

மனைவி: பாருங்க, குரல்லயே சிரிக்கறா. ஏ, மெதுவா, மெதுவா, தோளு... ஐயோ, என்னங்க, இவளைக் கொஞ்சம் சொல்லுங்க, நசுக்கறா.

கணவன்: நான் எந்தப் பாஷையில சொல்றது?

மனைவி: மூட்டையெல்லாம் கட்டி முடிச்சாச்சு. சுவத்துல போட்டோ இருந்த இடம் மட்டும் வெள்ளையா தெரியுது... உக்காரு, நீயும் உக்காரு. இந்தா. உனக்கு. ஊர்ல இருக்கறவன் வீட்டுக்கெல்லாம் டம்ளர் கட்டிக் கொடுத்த, உனக்குன்னு ஒரு பெட்டி எடுத்ததில்ல. என்னங்க, அவ முன்னாடி வையுங்க.

நெட்டச்சி: ஓ...

கணவன்: பிரிச்சுட்டா. காகிதத்தை வேற எடுத்து எடுத்துப் பாக்கறா.

மனைவி: பின்ன? கடைக்காரன் கட்டினதை அவ நம்புவாளா? புதுசா கட்டுவா. விடுங்க, அவ வேலையை அவ செய்யட்டும்... ஆச்சா? டேப் எங்க? ம். டஜன்.

நெட்டச்சி: ...

மனைவி: டஜன்.

நெட்டச்சி: ...

கணவன்: ஏன் பேசாம இருக்கா?

மனைவி: எண்ணறா. ஏதோ சரியில்ல. பாத்தீங்களா, நான் அப்பவே தூக்கிப் பாக்கறேன்னு சொன்னேன். ஒண்ணு கையில தனியா வெச்சுக்கிட்டுப் பாக்கறா... கூடவா இருக்கு? ஏங்க, பதிமூணு இருக்குங்க. அந்தக் கடைக்காரர்...

கணவன்: கடைக்காரர் சரியாத்தான் போட்டார். நான்தான் பதிமூணு கேட்டேன்.

மனைவி: பதிமூணாவது யாருக்கு? அந்த ரோமாபுரிக்காரனுக்கா?

கணவன்: அவனுக்கில்ல. அன்னைக்கு உன் தோளை எக்ஸ்ரே எடுக்கும்போது, நர்ஸம்மா உன் வயித்து மேல ஈயப் போர்வையை மடிச்சு மடிச்சுப் போட்டாங்க. தோளுக்கு எடுக்கறதுக்கு வயித்துல எதுக்குன்னு கேட்டேன். உங்களுக்கு இன்னும் சொல்லலையான்னு அவங்க முழிச்சாங்க. இவ உள்ளேர்ந்து தூக்கிட்டு வந்தது உன்னை மட்டும் இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.

மனைவி: தெரிஞ்சுமா இத்தனை நாளா டோக்கன் டோக்கன்னு என் உயிரை எடுத்தீங்க?

கணவன்: நீயா சொல்லணும்னு இருந்தேன்.

மனைவி: எப்படிச் சொல்றது. முன்னாடி ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் கொஞ்ச நாள்ல கலைஞ்சப்ப உங்க மூஞ்சி எப்படி ஆச்சுன்னு நான்தானே பாத்தேன். அதான் அன்னைக்கு மதியம் டாக்டரைப் பாத்துட்டு, நிச்சயம்னா மட்டும்... அதுக்குள்ள இந்தப் புகை. அப்புறம் எனக்குக் கேக்கவே பயம்.

கணவன்: அழாத. பாரு, அவ உன் வயித்துல கை வெக்கறா. புரிஞ்சிடுச்சு அவளுக்கு.

நெட்டச்சி: துஜினா... இ... ஓ.

கணவன்: டஜனுக்கு மேல ஒண்ணுன்னு விரலைக் காட்டறா. அந்த ஒரு டம்ளரை உன் கையில கொடுக்கறா. வாங்கிக்கோ.

மனைவி: வாங்கறேன்... ஏங்க, காலையில நான் மருந்துக் கடைக்குப் போறேன்னு போனேன் இல்ல? மருந்துக் கடைக்குப் போகல. படுக்க வெச்சு, ஒரு கருவியை வயித்துல அமுக்கி, உள்ள துடிக்கற சத்தத்தைப் பெருசாக்கிக் கேக்க வெச்சாங்க... பதில் வருதுங்க.