ஆறாத கஞ்சி

சிதம்பரத்தில் நடராசப் பெருமானைத் தொழுதுவிட்டு, கடலூர்ப் பேருந்தில் பதிகம் ஒன்றை மனத்துள் ஓதிக்கொண்டிருந்தேன். முன்னிருக்கையில் மைத்துனர் இருவர். மூத்தவர் திடீரென்று வெடித்தார்.

“பாக்கெட்ல இருந்த அத்தனை உசுரையும் வேக வச்சிட்டியே, மச்சான்!”

என் பதிகம் நின்றுபோயிற்று.

“என்னா உசுரு? கறுப்பா தூளுதான இருந்துது,” என்றார் இளையவர்.

“அதுக்குள்ளதான்யா பயிருக்கு உரம் குடுக்குற நுண்ணுயிரு இருக்குது! யூரியாவக் கொறைக்கலாம்னு எங்கப்பாகிட்ட மல்லுக்கட்டி, இப்பதான் ஒரு காணிக்குத் தலையாட்டுனாரு. ஆறுன கஞ்சியில கலந்து வெதநெல்லுல பெசறச் சொன்னா, கொதிக்கிறதுலயா கொட்டுவ? பயிரு வெளுத்துச்சின்னா இனிமே இந்தப் பேச்சையே எடுக்க வுடமாட்டாரு.”

“நான் எங்க கொட்டுனேன்? மாமாதான் கொட்டுனாரு. ‘வேட்டிக்கே சூடாப் போட்டாதான் மாப்ள கஞ்சி புடிக்கும்’னு அவரே கிண்டுனாரு.”

மூத்தவர் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

“எங்கப்பாவா கிண்டுனாரு?”

“ஆமா. ஆசையா கிண்டுனாரு, யாரையும் கிட்ட வுடல.”

“நெல்லுல ஊத்திட்டாரா?”

“இன்னும் இல்ல. சாயங்காலந்தான் ஊத்துவாரு.”

“போன் போட்டு நிறுத்தச் சொல்லு. கடலூர்ல வேற பாக்கெட் வாங்கிடுவோம். இந்த வாட்டியும் அவரே கலக்கட்டும். கஞ்சிய மட்டும் நான் ஆத்திக் குடுக்குறேன்.”