திரையில் வந்த துரை

ஜூட்சன்: ரெண்டாவதா? ஏன்க்கா, மொத எம்பிஏ என்ன, தொலைஞ்சு போச்சா?

மெரினா: போன்லயே சிரிச்சு முடி. அப்பறம் பேசுறேன்.

ஜூட்சன்: இல்லக்கா... நாப்பது வயசுல ரெண்டாவது கல்யாணம்னாகூட தோட்டத்துல ஒத்துக்குவாங்க. ரெண்டாவது எம்பிஏன்னா பைத்தியம்னுதான்...

மெரினா: முப்பத்தெட்டுடா.

ஜூட்சன்: சரி, முப்பத்தெட்டு. கொழும்புல காரு இருக்கு, மெனேஜர் வேல இருக்கு. டயகம பக்கம் நம்ம தேயிலத் தோட்டத்து லயத்து வீடுகள்ல மொத கிரஜுவேட்டும் நீதான். இன்னும் என்னா வேணும்?

மெரினா: ஜெனரல் மெனேஜர் போஸ்ட் வேணும். ரெண்டு தடவ காலியாச்சு. ரெண்டு தடவையும் என்கிட்ட வேல பழகுனவனுக்குப் போச்சு. ஏன்னு கேட்டா, "உங்க எம்பிஏ இங்க எடுத்ததுதானே மெரினா"ங்கிறாங்க. அவனுங்களோடது லண்டனாம். தேயில ஏலம்னா என்னான்னு அந்த லண்டனுக்கு நான்தான்டா சொல்லிக் குடுத்தேன்!

ஜூட்சன்: அதுக்காக...

மெரினா: அதுக்காகத்தான் நானும் வெளிநாட்டுக்கே அப்ளிகேஷன் போட்டேன். ஒரு வருஷப் படிப்பு. கொண்டாந்து அவனுங்க மூஞ்சியில வீசுறேன். இன்னைக்கு காலையில நம்ம லயத்து வீட்டுலயே, கம்ப்யூட்டர்ல இன்டர்வியூ முடிஞ்சுது.

ஜூட்சன்: இன்டர்வியூவா? கொழும்பு வீட்ட விட்டுட்டு, லயத்துல ஒக்காந்தா?

மெரினா: வேணும்னுதான் வந்தேன். எனக்குப் பின்னாடி தகரமும் பொக புடிச்ச செவரும் தெரியணும். நான் எங்கேருந்து வந்தவன்னு பாக்கட்டும்னு.

ஜூட்சன்: ரோஷக்காரி! கேள்வி கேட்டது யாரு, வெள்ளக்காரனா?

மெரினா: இல்ல. அங்க முன்ன படிச்சவங்கள்ல யாராச்சும் ஒருத்தர், இந்த நாட்டுலேருந்தே கேப்பாங்க. திரையில மூஞ்சி வந்துச்சு பாரு, ஜூட்...

ஜூட்சன்: யாருக்கா?

மெரினா: பெரிய தொர.

ஜூட்சன்: எந்தப் பெரிய தொர?

மெரினா: நம்ம பெரிய தொரடா. நாம ஸ்கூல் போறப்ப தோட்டத்து மெனேஜரா பங்களாவுல இருந்தாரே...

ஜூட்சன்: ஐயோ மாதாவே! ஜீப்பு போறப்ப எந்திரிக்கலன்னு அப்பாவ, காலையில வேல பிரிச்சுக் குடுக்குற பெரட்டுக் களத்துல எல்லாரு முன்னுக்கும் ஏசுனாரே, அந்த ஆளா?

மெரினா: அந்த ஆளேதான். முடி வெளுத்திருச்சு. இப்ப எங்கயோ டிரெக்டராம்.

ஜூட்சன்: சும்மாவா விட்ட? உன் வாய்க்கு...

மெரினா: நான் எங்க வாயத் தொறக்குறது? அதுக்குள்ள அம்மா வந்துட்டாங்க.

ஜூட்சன்: ...யாரு?

மெரினா: அம்மாடா. தேத்தண்ணி கொண்டாந்தாங்க. அந்த மூஞ்சியக் கண்டதும் டக்குனு எந்திரிச்சு, "சலாங்க தொரே"ன்னு...

ஜூட்சன்: தேத்தண்ணி கொண்டாந்தவங்க எப்படிக்கா எந்திரிக்கிறது?

மெரினா: நின்னாங்கன்னு சொன்னேன். குறுக்க பேசாத. கைய ரெண்டையும் முன்னுக்குக் கட்டிக்கிட்டு, தலையக் குனிஞ்சுகிட்டு... சீ! அதுவரைக்கும் இங்கிலீஷ்ல பேசுன மனுஷன், ஒடனே தோட்டத் தமிழுக்கு மாறிட்டாரு. "எந்த டிவிசன், எந்த லயம், அப்பன் யாரு?"

ஜூட்சன்: அப்ப இன்டர்வியூ போச்சா?

மெரினா: எங்க போச்சு? அதுக்கப்பறம் ஒரு கேள்வி கூட கேக்கல. "நல்ல மரியாத தெரிஞ்ச குடும்பம், கண்டிப்பா சிபாரிசு பண்றேன்"னு சொல்லிட்டாரு.

ஜூட்சன்: அடி சக்க! அப்ப கெடச்ச மாதிரிதானே?

மெரினா: எனக்கு வேணாம்.

ஜூட்சன்: என்னா?

மெரினா: வேணாம்னு சொல்லிட்டேன்ல. நாளைக்கே எழுதி அனுப்பிருவேன்.

ஜூட்சன்: இந்த சீட்டுக்குன்னு இவ்வளவு பாடுபட்டுப்புட்டு... அம்மா ஒரு சலாம் போட்டதுக்கா?

மெரினா: ஆமா. அவங்கள நான் கொற சொல்லல. அவங்க காலம் அப்படி. ஆனா அந்த சலாமுக்குக் கெடச்ச சீட்டு எனக்கு வேணாம்.

ஜூட்சன்: அக்கா.

மெரினா: என்னா?

ஜூட்சன்: அம்மா இங்க இருக்காங்க.

மெரினா: எங்க?

ஜூட்சன்: கொட்டகலையில, என் வீட்டுல. உள்ள படுத்திருக்காங்க. விடிய மொத பஸ்ஸுலேயே வந்துட்டாங்க.

மெரினா: கோயிலுக்குன்னுல்ல சொன்னாங்க...

ஜூட்சன்: கண்ணு மங்கலா இருக்காம். சொன்னா இன்டர்வியூவ விட்டுட்டு நீ கூட வந்துருவேன்னு பயந்து, மறச்சுட்டு வந்தாங்க. இன்டர்வியூ சங்கதியும் அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி கேட்டேன். காலையில பூரா நாங்க ரெண்டு பேரும் கிளினிக்லதான் ஒக்காந்திருந்தோம்.

மெரினா: டாக்டர் என்னா சொன்னாரு?

ஜூட்சன்: அத அப்பறம் சொல்றேன்க்கா.

மெரினா: இப்பவே சொல்லு.

ஜூட்சன்: அப்ப... தொரைக்கு சலாம் போட்டது...

மெரினா: அவரு "ஒக்காரு புள்ள"ன்னு சொல்ற வரைக்கும் நான் ஒக்காரலடா.