இரண்டு பூச்சியமாகும் இடம்

“ரெண்டும் பூச்சியமும் ஒண்டாப் போற இடத்துலதான் ராத்தா, நான் பிழை விட்டுட்டன்.”

கல்முனையிலிருந்து பொத்துவில் போகும் பஸ்ஸில், என் முன்னிருக்கையில் இருந்த பெண் தன் மூத்த சகோதரியிடம் சொன்னாள். இருவரும் கலியாண வீடொன்றுக்குப் போகிறார்கள். இளையவள் தன் கணித ஆய்வேட்டை நாளைக்குக் கொடுக்க வேண்டும்.

“விளங்கச் சொல்லு.”

“ஸ்பின் கட்டமைப்பு எண்டு வடிவகணிதத்துல ஒண்டு இருக்கு; அதுக்கு எல்லாப் புலத்துக்கும், அதாவது கூட்டிக் கழிச்சுப் பெருக்கி வகுக்கக்கூடிய எல்லா எண் தொகுதிக்கும், பொருந்துற வரைவிலக்கணம் எண்டு எழுதிட்டன். சில புலத்துல ஒண்டையும் ஒண்டையும் கூட்டினா பூச்சியம். அங்க ரெண்டால வகுக்க ஏலா. என்ட வரைவிலக்கணம் அங்க உடையுது. காலையிலதான் கண்டன்.”

“அதுகளத் தவிர எண்டு ஒரு வரி போடன்.”

“தலைப்பே ‘எல்லாப் புலங்களுக்கும்’ எண்டுதான் இருக்கு.”

“வேற ஆருக்கும் தெரியுமா?”

“இல்ல.”

“அப்ப பேசாமக் குடு. நீ எப்ப முடிப்பாய் எண்டு உம்மா காத்துக்கொண்டிருக்கா.”

இளையவள் போனை எடுத்தாள். ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியரை அழைத்தாள்.

“சேர், என்ட வரைவிலக்கணம் பிழை. திருத்தாமக் குடுக்க மாட்டன். ஓம் சேர், தவணை போனாலும் பரவாயில்ல.”

பஸ் நிந்தவூரை அடைந்தது. மூத்தவள் எழுந்து பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள்.

“நீ இறங்கி வீட்ட போய் வேலையப் பாரு. உம்மாட்ட நான் கதைக்கிறன்.”